முதல் காதல்... ரெண்டு தடவை!

ஜப்பான் பாட்டுன்னு சொன்னதும் உங்க காதுல முதல்ல என்ன ஓடுது? முக்கால்வாசிப் பேருக்கு ஏதாவது ஒரு அனிமே ஓப்பனிங்தான் ஓடும். தப்பே இல்லை. நானும் அந்த வாசல் வழியாத்தான் உள்ளே வந்தேன். ஆனா ஒன்றரை நிமிஷ ஓப்பனிங்கோட வாசல்லயே நின்னுட்டா எப்படி? உள்ளே ஒரு பெரிய வீடே இருக்கு பாஸ்! இந்த வாரம் அதுல ஒரே ஒருத்தரோட அறைக்கு மட்டும் போறோம். பேரு உடாடா ஹிகாரு. (அங்கே குடும்பப் பேரை முதல்ல சொல்வாங்க. அதனால நாம செல்லமா கூப்பிட வேண்டியது 'ஹிகாரு'.)

முன்னாடியே சொல்லிடறேன். இது நடுநிலையான விமர்சனம் எல்லாம் கிடையாது. ஹிகாரு ரசிகர்களுக்குள்ள ஒரு பழைய பஞ்சாயத்து உண்டு. '1999-ல வந்த ஃபர்ஸ்ட் லவ் ஆல்பம்தான் உச்சம், அதுக்கப்புறம் எல்லாம் இறங்குமுகம்'னு ஒரு கோஷ்டி. நான் எதிர்க் கோஷ்டி. ஏன்னு கேட்டா, ஹிகாரு ஒரே தலைப்பை வாழ்க்கையில ரெண்டு தடவை வெச்சிருக்கார். 1999-ல 'ஃபர்ஸ்ட் லவ்'. 2018-ல 'ஹட்சுகோய்'. ரெண்டாவது ஜப்பானியச் சொல். அதுக்கும் அர்த்தம் முதல் காதல்தான்! 16 வயசுல ஒண்ணு, 35 வயசுல ஒண்ணு. நடுவுல 19 வருஷம். அந்த 19 வருஷத்தைக் கேட்காம ரெண்டாவது பாட்டு புரியாது. அதான் இந்த வாரக் கதை.

சரி, எதிர்க் கோஷ்டிக்கு நியாயமா அவங்க கணக்கை முதல்ல கொடுத்துடலாம். 'ஃபர்ஸ்ட் லவ்' ஆல்பம் ஜப்பானில் மட்டும் விற்றது 76 லட்சத்துக்கும் மேல. அந்த நாட்டோட வரலாற்றிலேயே அதிகம் விற்ற ஆல்பம் இன்னிக்கும் அதுதான். அதை உடைக்க இனிமே யாராலும் முடியாது. ஏன்னா உடைக்கிறதுக்கு சிடி வாங்குற கூட்டமே இப்ப இல்லை. இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. ஜப்பானில் சிடி வியாபாரம் உச்சத்துக்குப் போனது 1998-ல. அந்த வருஷம் டிசம்பர் 9-ம் தேதி ஹிகாருவோட முதல் சிங்கிள் 'ஆட்டோமேட்டிக்' வருது. மூணு மாசத்துல ஆல்பம். அதாவது அலை ரொம்ப உயரமா எழும்பின நேரத்துல பலகையை வெச்சிருக்கார். 76 லட்சம்கிற நம்பர் பாட்டோட தரத்தை மட்டும் சொல்லலை, அந்தக் காலத்தையும் சேர்த்துத்தான் சொல்லுது. இவ்வளவுக்கும் அங்கே புது சிடிக்குக் கடைக்காரர் இஷ்டத்துக்குத் தள்ளுபடி தர முடியாது. கம்பெனி போட்ட விலைதான். ஒரு ஆல்பம் சுமார் 3,000 யென்!

ஆனா 'ஆட்டோமேட்டிக்' பாட்டை நான் குறைச்சுச் சொல்லவே மாட்டேன். சும்மா பின்னியிருக்கார். அதுக்கு ஒரு தமிழ்க் காரணம் இருக்கு. ஸ்கூல்ல செய்யுள் அலகிடும்போது 'வகையுளி'ன்னு ஒண்ணு படிச்சோமே, ஞாபகம் இருக்கா? அர்த்தத்தைப் பார்க்காம ஓசைக்காகச் சொல்லை நடுவுல உடைச்சு, பாதியை இந்தச் சீர்லயும் மீதியை அடுத்த சீர்லயும் வைக்கிறது. 'ஆட்டோமேட்டிக்' ஆரம்பிக்கும்போதே டெலிபோன் மணி அடிக்குது. மணிக்கு அவங்க சொல்ற வார்த்தை 'பெரு', நம்ம 'பெல்'தான். அந்தக் குட்டி வார்த்தையை ஹிகாரு ரெண்டா உடைக்கிறார். 'பெ' முதல் அடியோட கடைசியில. 'ரு' அடுத்த அடியோட தலையில! ஜப்பானிய மொழியில அசைகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நீளம். டக், டக், டக்னு தையல் மெஷின் மாதிரி போகும். அதை அமெரிக்க ஆர் அண்ட் பி தாளத்துல உட்கார வைக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை. 15 வயசுப் பிள்ளை வார்த்தையையே உடைச்சு உட்கார வெச்சிருக்கு. அந்தப் பாட்டை எழுதினதும் அவரேதான். இசையும் அவரேதான்.

வீடியோவையும் பாருங்க. ஒரு சோஃபா, தாழ்வான கூரை. குனிஞ்சு குனிஞ்சு ஆடுவார். அவ்வளவுதான் மொத்த வீடியோ! அந்த சிங்கிள் 8 சென்டிமீட்டர் குட்டி சிடி, 12 சென்டிமீட்டர் சாதா சிடின்னு ரெண்டு அளவுல வந்துது. ரெண்டும் சேர்த்து 20 லட்சத்துக்கு மேல போச்சு.

'ஃபர்ஸ்ட் லவ்' ஆல்பம் முழுசா கேட்டா? தலைப்புப் பாட்டு அட்டகாசம். டீச்சருக்கும் மாணவனுக்கும் காதல்ங்கிற ஒரு டிவி தொடருக்கு அதான் தீம் பாட்டு. 16 வயசுக் குரல், ஆனா பாட்டு ஆரம்பிச்ச உடனே சிகரெட் வாசம் வருது. முத்தம் முடிஞ்சுபோன காதலை, பிரிஞ்ச மறுநாள் இல்லை, பல வருஷம் கழிச்சு நினைச்சுப் பார்க்கிற மாதிரி பாடுறார். கடைசிப் பல்லவிக்கு முன்னாடி சுருதி ஒரு படி ஏறும் பாருங்க, அந்த இடத்துல ஹெட்போன் போட்டிருந்தா கண்ணை மூடிக்கோங்க. ஆனா ஆல்பத்துல மத்த பாட்டுகள்ல நாலஞ்சு எனக்கு இன்னிக்கும் ஒண்ணோட ஒண்ணு குழம்பும். அழகா இருக்கும், யார்கிட்டயாவது கத்துக்கிட்ட மாதிரியும் இருக்கும். அமெரிக்க ரேடியோ நிறைய கேட்ட ஒரு பொண்ணோட ஹோம்வொர்க், அதுவும் சென்டம் வாங்கின ஹோம்வொர்க். கோஷ்டிக்காரங்க கோவிச்சுக்காதீங்க!

'பொண்ணு'ன்னு எழுதிட்டு ஒரு நிமிஷம் நிக்கிறேன். 2021 ஜூன்ல ஹிகாரு தன்னை நான்-பைனரின்னு சொன்னார். ஆணு, பொண்ணுங்கிற ரெண்டு பெட்டியிலயும் தான் அடங்கலைன்னு. ஆங்கிலத்துல எழுதுறவங்க அதுக்கப்புறம் எந்தச் சொல்லைப் போடறதுன்னு மண்டையைப் பிய்ச்சுக்கிறாங்க. நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. 'அவர்'னு ஒரு சொல் ரெடியா இருக்கு. மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு! கீழே 'அவர்', 'பிள்ளை'ன்னே போறேன்.

அடுத்தது 2001. இதை ஒரு கிரிக்கெட் மேட்ச் மாதிரிதான் சொல்லணும். மார்ச் 28. ஒரே நாள்ல ஹிகாருவோட ரெண்டாவது ஆல்பம் 'டிஸ்டன்ஸ்', ஹமாசாகி அயுமியோட 'ஏ பெஸ்ட்'. ரெண்டு பேரும் அப்ப உச்ச நட்சத்திரங்கள். முதல் வாரக் கணக்கு: ஹிகாரு 30 லட்சம், அயுமி 28 லட்சத்துக்கு மேல! ஒரே வாரத்துல கிட்டத்தட்ட 60 லட்சம் சிடி. ஒரே நாட்டுக்குள்ள முதல் வாரத்துல விற்ற அந்த 30 லட்சத்தைத் தாண்ட, 2015-ல அமெரிக்காவில் அடெல் வர வேண்டியிருந்தது. மேட்ச் சூப்பர். ஆல்பம்? 'கேன் யூ கீப் எ சீக்ரெட்' ஒண்ணுக்காகவே வாங்கலாம். மத்தபடி அவசரத்துல முடிச்ச அசைன்மென்ட் வாசனை எனக்கு அடிக்குது.

2002 ஜூன்ல வந்த 'டீப் ரிவர்'லதான் என் ஹிகாரு ஆரம்பிக்கிறார். அப்ப அவருக்கு வயசு 19. (எனக்கு இப்ப 20. இந்த மாதிரி கணக்கெல்லாம் போட்டா சாப்பாடு இறங்காது, விடுங்க.) தலைப்பு எங்கேயிருந்து வந்துச்சு தெரியுமா? எண்டோ ஷுசாகு எழுதின அதே பேருள்ள நாவல்லேர்ந்து. அந்த ஆழமான நதி எது? நம்ம கங்கை! மனைவியை இழந்தவர், போர்ல நண்பனை இழந்தவர்னு ஆளுக்கொரு பாரத்தோட சில ஜப்பானியர்கள் காசிக்கு வர்ற கதை. 1993-ல வந்த நாவல். அதைப் படிச்ச 19 வயசுப் பிள்ளை எழுதின தலைப்புப் பாட்டுல, ஆர் அண்ட் பி ஹோம்வொர்க் எல்லாம் கழண்டு விழுந்துடுச்சு. குரல் ஓட்டமா ஓடாம, படித்துறையில உட்கார்ந்த மாதிரி இருக்கு.

அதே ஆல்பத்துல 'ஹிகாரி'. வெளிச்சம்னு அர்த்தம். அவரோட சொந்தப் பேரை எழுதுற அதே எழுத்துதான். வீடியோவுல என்ன பண்றார்னு நினைக்கிறீங்க? பாத்திரம் கழுவுறார். கேமரா நகராது. முழுப் பாட்டுக்கும் சிங்க் முன்னாடி நின்னு தட்டு, டம்ளர்னு கழுவிக்கிட்டே பாடுறார். ஜப்பானோட நம்பர் ஒன் நட்சத்திரம்! தன் பேரையே தலைப்பா வெச்ச பாட்டுக்கு இதைவிட நேர்மையான வீடியோ எனக்குத் தெரியாது. பிளே ஸ்டேஷன் ஆடுறவங்களுக்கு இதோட ஆங்கில அவதாரம் 'சிம்பிள் அண்ட் க்ளீன்' மனப்பாடமா இருக்கும். 'கிங்டம் ஹார்ட்ஸ்' கேம்ல வரும்.

அப்புறம் கொஞ்சம் வேகமா ஓடலாம். 2004-ல 'எக்ஸோடஸ்', அமெரிக்காவுக்காக முழுக்க ஆங்கிலத்துல. டிம்பலாண்ட் எல்லாம் உள்ளே வந்தும் பில்போர்டு பட்டியல்ல 160-வது இடத்தைத் தாண்டலை. தோல்விதான். ஆனா 'க்ரெம்ளின் டஸ்க்' பாட்டை மட்டும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க, பாதியில டிரம்ஸ் உடைச்சுக்கிட்டு உள்ளே வரும். 2006-ல 'அல்ட்ரா ப்ளூ', யாரும் கொண்டாடாத ஆல்பம், நான் கொண்டாடுறேன். மெஷின் சத்தமெல்லாம் குளிர்ந்து கிடக்கும், அதுக்கு நடுவுல குரல் மட்டும் சூடா இருக்கும். 2008-ல 'ஹார்ட் ஸ்டேஷன்'. அதுல 'நான் ஒரு கரடி'ன்னு ஒரு குழந்தைப் பாட்டு இருக்கு. சிரிக்காதீங்க, அதுல கரடிக்குட்டி அம்மாவைக் கூப்பிடும். அந்த அம்மாகிட்டதான் இப்ப வர்றோம்.

ஹிகாருவோட அம்மா ஃபுஜி கெய்கோ. பெரிய பாடகி. சும்மா 'பாடகியின் பிள்ளை'ன்னு ஒரு வரியில கடந்துபோற அளவு சின்ன ஆள் இல்லை. 1969-ல 18 வயசுல அறிமுகம். 'எங்கா'ங்கிற பாணி. பிரிவு, மது, மழை பெய்யுற துறைமுகம், திரும்பி வராத ஆளு... இதுதான் அதோட உலகம். குரலை நடுக்கி வளைச்சுப் பாடுற 'கொபுஷி'ன்னு ஒரு நுணுக்கம் உண்டு. கமகம் கேட்டு வளர்ந்த நம்ம காதுக்கு அது சட்டுனு பிடிபடும். ஆனா கெய்கோ அந்த வளைவுகளைக் குறைச்சு, கரகரப்பான கனத்த குரல்ல நேரா நெஞ்சுல இறக்குவார். முதல் ஆல்பம் 20 வாரம் நம்பர் ஒன். அதை இறக்கிட்டு அடுத்து உட்கார்ந்தது அவரோட ரெண்டாவது ஆல்பம், அது 17 வாரம். மொத்தம் 37 வாரம் தொடர்ச்சியா ஒரே ஆள்! கோஷ்டிக்காரங்க ஹிகாருவோட 76 லட்சத்தைப் பத்திப் பேசுவாங்க. அந்த வீட்டுல அதுக்கு முப்பது வருஷம் முன்னாடியே ஒரு ரெக்கார்டு சுவர்ல தொங்கிட்டிருந்தது.

1979-ல பாட்டை விடுறேன்னு அறிவிச்சுட்டு அம்மா அமெரிக்கா போயிட்டார். ஹிகாரு பிறந்தது நியூயார்க்ல, 1983-ல. அப்பா உடாடா தெருசானே இசைத் தயாரிப்பாளர். 1993-ல அப்பா, அம்மா, பிள்ளை மூணு பேரும் சேர்ந்து 'யு3'ன்னு பேர் வெச்சு ஒரு ஆல்பமே போட்டாங்க. ஹிகாருவுக்கு அப்ப பத்து வயசு. நாம அந்த வயசுல வாய்ப்பாடு ஒப்பிச்சுக்கிட்டிருந்தோம்.

2010-ல ஹிகாரு ஒரு அறிவிப்பு விட்டார். கொஞ்ச காலம் பாட்டை நிறுத்திட்டு 'மனித நடவடிக்கை'யில ஈடுபடப் போறேன்னு! அப்படியே அந்த வார்த்தைதான். 15 வயசுலேர்ந்து நட்சத்திரமா மட்டும் இருந்தாச்சு, கொஞ்சம் மனுஷனா இருந்து பார்க்கிறேன்னு அர்த்தம். வயசு 27. டிசம்பர் 8, 9 ரெண்டு நாள் யோகோஹாமா அரீனாவில் கச்சேரி. அதோட கிளம்பிட்டார். உச்சத்துல இருக்கும்போது ஒருத்தர் 'போதும், வாழ்ந்துட்டு வர்றேன்'னு சொல்றதைக் கேட்டா, கேம்பஸ் இன்டர்வியூவுக்கு டை கட்டிக்கிட்டு நிக்கிற நமக்கு உள்ளுக்குள்ள என்னமோ பண்ணும்.

2013 ஆகஸ்ட் 22. டோக்கியோவில் ஃபுஜி கெய்கோ தன் உயிரை முடிச்சுக்கிட்டார். 62 வயசு. பல வருஷமா அம்மா மனநோயோட அவதிப்பட்டதையும், எப்படி உதவுறதுன்னு தெரியாம தவிச்சதையும் ஹிகாரு பிறகு ஓர் அறிக்கையில எழுதினார். 2015-ல ஹிகாருவுக்கு ஒரு மகன் பிறந்தான். 2016 செப்டம்பர் 28-ல, எட்டு வருஷத்துக்கு அப்புறம் ஜப்பானிய மொழியில ஒரு ஆல்பம். பேரு 'ஃபான்டோம்'. பிரெஞ்சுச் சொல். ஆவி.

இந்த ஆல்பத்தை நான் ரொம்ப நாள் தள்ளிப் போட்டேன். அழவைக்கும்னு பயம். போட்டா முதல் பாட்டே ஆட வைக்குது! 'மிச்சி'ன்னு பேரு, 'பாதை'ன்னு அர்த்தம். தாளம் துள்ளுது. எழவு வீட்டுல பறை அடிச்சு ஆடுற ஊர்க்காரங்க நாம, நமக்கு இது புரியும். துக்கத்துக்கு உட்கார்ந்துதான் இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை.

அதுல 'ஹனதாபா ஓ கிமினி'ன்னு ஒரு பாட்டு. 'உனக்கு ஒரு பூங்கொத்து'ன்னு அர்த்தம். இது என்.எச்.கே. டிவியில தினமும் காலையில வர்ற ஒரு தொடருக்குத் தீம் பாட்டு. இட்லி சாப்பிட்டுக்கிட்டே பார்க்கிற மாதிரியான குடும்பத் தொடர்னு வெச்சுக்கோங்களேன். பாட்டோட தொடக்கத்துல ஒரு முகம் வருது. வழக்கமா ஒப்பனையே போடாத முகம், அன்னிக்குக் காலையில மட்டும் லேசா ஒப்பனையோட. கேட்டா கல்யாண நாள்னு தோணும். ஜப்பானில் இறந்தவங்க முகத்துக்கும் ஒப்பனை போடுற வழக்கம் உண்டு. அது தெரிஞ்ச நிமிஷம் அந்த இனிமையான காலைப் பாட்டு அப்படியே தலைகீழா மாறிடும். பூங்கொத்து யார் கையில கொடுக்கலை, எங்கே வெச்சாங்கன்னு புரியும். ஒரு நாடே காலை காபியோட கேட்ட பாட்டு ஒரு இறுதிச் சடங்கு! இவ்வளவு பெரிய ரகசியத்தை இவ்வளவு வெட்டவெளியில வெச்சவங்க ரொம்பக் கம்மி.

'மனாட்சு நோ தூரியாமே', நடுக்கோடையில பெய்யுற திடீர் மழை. பியானோவோட ஆரம்பிக்கும். கனவுல பார்த்த ஆள், விழிச்சா இல்லை. அதை இதுக்கு மேல நான் எழுத மாட்டேன், கேளுங்க. 'போக்யாகு'ன்னா மறதி. அதுல 'கோ'ங்கிற ராப்பர் பேசிக்கிட்டே போவார், ஹிகாரு பின்னாடி மூச்சு மாதிரி வருவார். 'தோமோதாச்சி' நண்பனா மட்டும் இருக்க முடியாம தவிக்கிறவங்களுக்கு. (உங்க கிளாஸ்ல யாருன்னு உங்களுக்கே தெரியும்.) நடுவுல ஷீனா ரிங்கோ கூட 'ரெண்டு மணி நேர விடுமுறை'ன்னு ஒரு ஜாலிப் பாட்டு. ரெண்டு பேரும் 1998-ல ஒரே கம்பெனியில அறிமுகமானவங்க. அந்தப் பாட்டு இல்லைன்னா இந்த ஆல்பத்துல மூச்சு முட்டியிருக்கும்.

கடைசிப் பாட்டு 'சகுரா நகாஷி'. செர்ரிப் பூக்களை அடிச்சுக்கிட்டுப் போற நீர். 2012 நவம்பர்ல ஒரு எவாஞ்சலியன் படத்துக்காக எழுதினது. தேதியைப் பாருங்க. அம்மா இறந்ததுக்கு ஒன்பது மாசம் முன்னாடி! ஆனா ஆல்பத்தோட கடைசியில அதைக் கேட்டா, எல்லாம் முடிஞ்சப்புறம் எழுதின மாதிரியே இருக்கு. இது எப்படின்னு எனக்கு விளக்கத் தெரியலை. பாட்டுகளை எந்த வரிசையில வைக்கிறதுங்கிறதே ஒரு எழுத்துன்னு மட்டும் புரியுது. ஷஃபிள்ல போட்டுக் கேட்கிறவங்களுக்கு இந்த இடம் கிடைக்காது. தயவுசெஞ்சு வரிசையா கேளுங்க.

இப்பதான் 2018-க்கு வர்றோம். ஜூன் 27, 'ஹட்சுகோய்'.

ஆல்பமா பார்த்தா 'ஃபான்டோம்' அளவுக்கு இறுக்கம் இல்லை. 'ப்ளே எ லவ் சாங்' தண்ணி பாட்டில் விளம்பரப் பாட்டு, அப்படியேதான் இருக்கு. கொத்தமல்லிக்கு ஒரு பாட்டு இருக்கு மக்களே, சத்தியமா! 'பாக்குச்சி நோ உதா', கொத்தமல்லிப் பாட்டு. ரசத்துல தூவுற நமக்கே தோணாதது அவருக்குத் தோணியிருக்கு. 'சிகாய்'னு ஒண்ணு, 'கிங்டம் ஹார்ட்ஸ்' மூணாவது கேமுக்கு. அதுக்குத் தாளம் தட்டிப் பாருங்க. முதல் அடி எங்கே விழுதுங்கிறதே சண்டையில முடியும்.

ஆனா தலைப்புப் பாட்டு... அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன். இதுவும் ஒரு டிவி தொடருக்குத்தான், காலேஜ்கூடப் போகாத பசங்களோட காதல் கதைக்கு. அந்தத் தொடருக்குள்ள கேட்டா சாதாரணக் காதல் பாட்டு. இதயம் துடிக்குது, கால் நடுங்குது, அதே கதை. தொடரை எடுத்துட்டுத் தனியா கேளுங்க. பியானோ, தந்தி வாத்தியங்கள், அந்தக் குரல். 1999-ல வழவழன்னு ஓடின குரல் இப்ப ஓரத்துல கிழிஞ்சிருக்கு. மேல் சுருதிக்குப் போகும்போது வலிக்கிறது கேட்குது, அதை மறைக்கவும் இல்லை. 16 வயசுல பாடினது காதலனுக்கு, அவன் போயிட்டான்னு தெரிஞ்சும். இதுல யாருக்குப் பாடுறார்? பாட்டுல பேரும் இல்லை, முகமும் இல்லை. நான் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கேட்கிறது இதுதான்: யாருக்கும் முதல் காதல் பதினாறு வயசுல வர்றதில்லை. அதுக்கு ரொம்ப முன்னாடி, பேசத் தெரியாத வயசுல, நம்மைத் தூக்கி வெச்சிருந்த ஆள்மேலதான் வருது. அந்த ஆள் போனதுக்கு அப்புறம்தான் அதுக்கு அந்தப் பேர் வைக்கத் தோணுது. இது என் காது சொல்றது. உங்க காது வேற சொல்லலாம். ஆனா 'ஃபான்டோம்' கேட்டுட்டு வந்து இதைக் கேட்டீங்கன்னா, வெறும் டிவி தொடர் பாட்டுன்னு சொல்ல மாட்டீங்க.

அதனாலதான் 'உச்சம் 1999-லயே முடிஞ்சுபோச்சு'ங்கிற கோஷ்டியோட எனக்கு ஒத்துவரலை. 'ஃபர்ஸ்ட் லவ்' இன்னிக்கும் அழகு. 2022-ல அந்த ரெண்டு பாட்டையும் வெச்சே நெட்ஃப்ளிக்ஸ் 'ஃபர்ஸ்ட் லவ் ஹட்சுகோய்'னு ஒரு தொடர் எடுத்தது, அப்ப பிறக்காத பசங்ககூட மறுபடி பாட ஆரம்பிச்சாங்க. ஆனா அந்தத் தொடரைப் பார்த்துட்டு முதல் பாட்டை மட்டும் ரிங்டோன் வெச்சவங்களைப் பார்த்தா எனக்குக் கடுப்பாகுது. பாதித் தலைப்பு காணாமப் போச்சே!

2022-ல வந்த 'பேட் மோட்' பத்தி ரெண்டு வரி. லாக்டவுன் வீட்டு வாசனை அடிக்கிற ஆல்பம். அட்டையில வீட்டு உடையில நிக்கிறார். கடைசிப் பக்கம் 'மார்செய் பக்கத்துல எங்கேயோ'ன்னு கிட்டத்தட்ட 12 நிமிஷப் பாட்டு, ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸ் கூடச் சேர்ந்து. மெஷின் தாளம் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும், எங்கேயும் போய்ச் சேராது. ராத்திரி பஸ்ல ஜன்னல் சீட்டுக்கு இதைவிட நல்ல பாட்டு கிடையாது. ஆர் அண்ட் பி ஹோம்வொர்க்ல ஆரம்பிச்ச ஆள் வந்து நிக்கிற இடத்தைப் பாருங்க. 2024-ல 'சயின்ஸ் ஃபிக்‌ஷன்'னு ஒரு பெஸ்ட் தொகுப்பு. அதுல அந்தப் பாத்திரம் கழுவுற 'ஹிகாரி'யைப் புதுசா மறுபடி பாடியிருக்கார், 41 வயசுல. எனக்குப் பழசுதான் பிடிக்குது. பாத்திரச் சத்தம் காதுல ஒட்டிக்கிச்சு, என்ன பண்றது?

சரி, ஹோம்வொர்க். எல்லாமே ஸ்ட்ரீமிங்ல கிடைக்குது, சாக்கு சொல்லாதீங்க. முதல்ல 'ஆட்டோமேட்டிக்', அந்த 'பெ'வும் 'ரு'வும் உடையுதான்னு பாருங்க. அடுத்து 'ஃபர்ஸ்ட் லவ்'. அப்புறம் அம்மாவோட ஒரு பாட்டு, ஃபுஜி கெய்கோன்னு தேடினா வரும். முதல் பாட்டு 'ஷின்ஜுகு நோ ஒன்னா', அதுவே போதும். அதுக்கப்புறம் 'ஃபான்டோம்' முழுசா, வரிசையா, மொபைலைக் கவிழ்த்து வெச்சுட்டு. கடைசியா 'ஹட்சுகோய்'. மொத்தம் ஒண்ணேகால் மணி நேரம்கூட ஆகாது. ஒரு மொக்கை லெக்சரைவிடக் கொஞ்சம்தான் அதிகம்!

அடுத்த வாரம் ஷீனா ரிங்கோ. நர்ஸ் டிரெஸ் போட்டு கண்ணாடியைக் கையாலயே உடைச்ச அந்த வீடியோவிலேர்ந்து ஆரம்பிக்கலாம். காதைச் சுத்தம் பண்ணி வைங்க!